பிரசவத்தோடு போயிடும்!

போன மாதம் மதுரையில் என் அக்கா மகளுக்கு வளைகாப்பு. ஏழாம் மாதம். மண்டபம் முழுக்கக் கண்ணாடி வளையல் சத்தம். பெண்ணின் கன்னம் நிறைய சந்தனம். மேஜை மேல் சர்க்கரைப் பொங்கலில் ஆரம்பித்து தயிர் சாதம் வரை ஏழு வகை சாதம். வருகிற பெண்கள் எல்லாம் ஆளுக்கு ஒரு வாய் ஊட்டிவிட்டுப் போனார்கள். ‘ரெண்டு உசுருக்குச் சாப்பிடணும்டி, வாயைத் தொற’ என்று ஒரு பெரியம்மா இரண்டாவது ரவுண்டு வந்தார்.

இந்த மாதிரி விசேஷங்களில் ஆண்களுக்கு காபி டம்ளரோடு ஓரமாக நிற்பதுதான் வேலை. கூட்டம் கொஞ்சம் கலைந்ததும் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். காதோடு சொன்னாள்: ‘மாமா, காலையிலதான் லேப்ல ரிசல்ட் வந்துச்சு. குளுக்கோஸ் தண்ணி குடிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு எடுத்தாங்கல்ல, அது 168. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. ஃபங்ஷன் முடியட்டும்.’

அந்த டெஸ்ட்டில் 140-ஐத் தொட்டாலே கர்ப்ப கால சர்க்கரை என்று அர்த்தம். 168 வைத்துக்கொண்டு அந்தப் பெண், வருகிறவர்கள் மனசு நோகக் கூடாதே என்று, ஏழு வகை சாதத்துக்கும் வாய் திறந்துகொண்டிருந்தாள்.

சாயந்திரம் விஷயம் வெளியே வந்துவிட்டது. மாமியார், ‘எங்க வம்சத்துலயே யாருக்கும் சுகர் கிடையாதே’ என்றார். அக்கா, ‘அப்பவே சொன்னேன், ஐஸ்க்ரீம் திங்காதேன்னு’ என்று மகளைப் பார்த்து முறைத்தாள். மாப்பிள்ளை செல்போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். கடைசியாக, வீட்டிலேயே மூத்தவர், எல்லோரையும் சமாதானப்படுத்தும் தொனியில் தீர்ப்பு சொன்னார்:

‘அட விடுங்கப்பா... அது பிரசவத்தோடு போயிடும்!’

எனக்குச் சுருக்கென்றது. இதே வாக்கியத்தை 2010-ல் கேட்டிருக்கிறேன். கேட்டு நிம்மதியாகத் தூங்கியும் இருக்கிறேன். அதற்கான விலையை இன்றைக்கு என் மனைவி கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

* * *

நான் பி.காம். படித்தவன். ரசீதுகளைக் கிழித்துப் போடத் தெரியாத ஜாதி. 2010-ல் எங்கள் மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரி பில்லை வரி வரியாகப் படித்தேன். கையுறைக்கு இரண்டு தடவை பணம் போட்டிருந்தார்கள். கவுன்ட்டரில் முக்கால் மணி நேரம் சண்டை போட்டு 340 ரூபாயைத் திரும்ப வாங்கினேன். வீட்டுக்கு வந்து எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன்.

பில்லோடு சேர்த்து டிஸ்சார்ஜ் சம்மரி என்று இரண்டு பக்கம் கொடுத்தார்கள். அதை அப்படியே ஃபைலில் குத்தி பீரோவில் வைத்துவிட்டேன்.

2018-ல் மனைவிக்குப் பித்தப்பைக் கல். ஆபரேஷனுக்கு முன்னால் வழக்கமான ரத்தப் பரிசோதனை. வெறும் வயிற்றில் சர்க்கரை 240. மூன்று மாத சராசரி 9.4. டாக்டர் கேட்ட முதல் கேள்வி: ‘பிரசவ சமயத்துல சுகர் இருந்ததா?’ இருந்தது. கடைசி இரண்டு மாதம் இன்சுலின் கூடப் போட்டாள். ‘அப்புறம் எப்ப டெஸ்ட் பண்ணீங்க?’

பண்ணவே இல்லை. எட்டு வருஷம்.

அன்று ராத்திரி பீரோவைக் குடைந்து அந்த ஃபைலை எடுத்தேன். இரண்டாம் பக்கத்தின் அடியில், தையல் பற்றிய குறிப்புக்கும் இரும்புச்சத்து மாத்திரைக்கும் நடுவே, பொடி ஆங்கில எழுத்தில் ஒரு வரி இருந்தது. ஆறு வாரம் கழித்து மறுபடி குளுக்கோஸ் பரிசோதனை செய்யவும். அவ்வளவுதான். அதை எங்களுக்கு யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அது அவர்கள் தப்பு. 340 ரூபாயைக் கண்டுபிடித்த கண்ணுக்கு அந்த வரி தெரியவில்லை. அது என் தப்பு.

அந்தப் பாவத்தைக் கழுவத்தான் இந்தக் கட்டுரை.

* * *

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகப் பேசிவிடுவோம். இது ஐஸ்க்ரீம் தின்றதால் வந்த தண்டனை கிடையாது.

கர்ப்பத்தில் பிளசென்ட்டா என்கிற நஞ்சு சில ஹார்மோன்களைச் சுரக்கிறது. குழந்தைக்குச் சாப்பாடு தடையில்லாமல் போக வேண்டும் என்பதற்காக, அம்மாவின் உடம்பில் இன்சுலின் வேலை செய்வதை அவை மட்டுப்படுத்துகின்றன. எல்லா கர்ப்பிணிகளுக்கும் இது நடக்கும். பெரும்பாலானவர்களின் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து கணக்கை நேர் செய்துவிடும். சிலருக்கு அந்தக் கையிருப்பு போதவில்லை. ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. நஞ்சு வளர வளர இந்தத் தடை அதிகமாகும். அதனால்தான் 24-லிருந்து 28 வாரத்துக்குள் கட்டாயம் டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள். நாம் வளைகாப்பு நடத்துகிற அதே ஏழாம் மாதம்!

அம்மாவின் சர்க்கரை நஞ்சைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும். அம்மாவின் இன்சுலின் போகாது. வந்து குவிகிற சர்க்கரையைச் சமாளிக்கக் குழந்தையின் கணையம் தானே இன்சுலினைச் சுரந்து தள்ளும். அதன் விளைவாகக் குழந்தை கொழுப்பேறிப் பெருக்கும். ‘நாலு கிலோ! கொழுகொழுன்னு ராஜா மாதிரி!’ என்று நாம் கொண்டாடுகிறோமே, அந்த ராஜாக்களில் சிலர் இப்படி வந்தவர்கள். தலை வந்து தோள் சிக்கிக்கொள்கிற பிரசவங்களுக்கு இதுவும் ஒரு காரணம். தொப்புள்கொடியை வெட்டியதும் சர்க்கரை வரத்து நின்றுவிடும். ஆனால் குழந்தையின் இன்சுலின் உடனே நிற்காது. பிறந்த சில மணி நேரத்தில் குழந்தையின் சர்க்கரை தடாலென்று கீழே இறங்கலாம். அதனால்தான் பிறந்த பிள்ளையின் குதிகாலில் குத்தி ரத்தம் பார்க்கிறார்கள். ‘பச்சப் புள்ளையக் குத்துறாங்களே’ என்று நர்ஸிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

‘லேசாத்தானே இருக்கு’ என்று ஒரு சமாதானம் உண்டு. 2008-ல் ஒன்பது நாடுகளில் சுமார் 25,000 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து செய்த ஓர் ஆய்வு வெளிவந்தது. இந்த அளவு வரை ஆபத்தே இல்லை, அதற்கு மேல்தான் ஆபத்து என்று தெளிவான கோடு எதுவும் அதில் கிடைக்கவில்லை. சர்க்கரை ஏற ஏற, சிக்கலும் படிப்படியாக ஏறியது. லேசான சர்க்கரைக்கு வைத்தியம் தேவையா என்று ஆஸ்திரேலியாவில் 1,000 பெண்களை வைத்துப் பார்த்தார்கள். முடிவு 2005-ல் வந்தது. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களின் குழந்தைகளில் 4 சதவிகிதத்துக்குக் கடுமையான சிக்கல். சாப்பாட்டு ஆலோசனை, வீட்டில் சர்க்கரை பார்ப்பது, தேவைப்பட்டால் இன்சுலின் என்று கவனித்த பெண்களின் குழந்தைகளில் அது 1 சதவிகிதம். நாலு ஒன்றானது. இதைவிட நல்ல முதலீடு எந்த ஷேர் மார்க்கெட்டில் இருக்கிறது?

* * *

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். சர்க்கரை என்று தெரிந்த மறு நிமிஷம் நம் வீடுகளில் இரண்டு கட்சி உருவாகிவிடும். ஒன்று, பட்டினிக் கட்சி. சோற்றை அடியோடு நிறுத்தி, ‘காய் மட்டும் சாப்பிடு’ என்று சொல்லும். வயிற்றில் பிள்ளையோடு பட்டினி கிடப்பது வைத்தியம் அல்ல, வன்முறை. இன்னொன்று, மாற்றுக் கட்சி. வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை, சோற்றுக்குப் பதில் ஆறு சப்பாத்தி, காபிக்குப் பதில் ஒரு சொம்பு கேழ்வரகுக் கஞ்சி! கருப்பட்டியும் தேனும் ரத்தத்துக்குள் போனால் சர்க்கரைதான். கோதுமையும் கேழ்வரகும் மாவுச்சத்துதான். ஜூஸ் என்பது நாரைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சர்க்கரையை மட்டும் குடிப்பது. பழத்தைப் பழமாகவே அளவாகச் சாப்பிட்டால் தொந்தரவு குறைவு.

மருத்துவர்கள் சொல்வது ரொம்ப எளிமையானது. சோறு எதிரி இல்லை, சோற்று மலைதான் எதிரி. ஒரு வேளைக்குக் குவிக்காமல், மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு மூன்று சிறு தீனி என்று பிரித்துக்கொள்ள வேண்டும். நாலு இட்லிக்கு ரெண்டு இட்லி, கூட நிறையக் காய் போட்ட சாம்பார், ஒரு முட்டை அல்லது ஒரு கிண்ணம் சுண்டல். தட்டில் பாதி காய்கறி. சாப்பிட்டதும் படுக்காமல், டாக்டர் வேண்டாம் என்று சொல்லாத பட்சத்தில், பத்து பதினைந்து நிமிஷம் நடை. நிறையப் பேருக்கு இதுவே போதும். இரண்டு வாரம் இப்படி இருந்து பார்த்தும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து சர்க்கரை 120-க்குக் கீழே வரவில்லை என்றால் மருந்து. நம் அரசாங்கத்தின் வழிகாட்டுதலே இதுதான்.

ஆனால், இந்த எளிமையான விஷயம் ஒரு வீட்டில் எப்படி நடக்கிறது தெரியுமா? மத்தியானம் எல்லோருக்கும் சாம்பார், ரசம், அப்பளம், சோறு. கர்ப்பிணிக்கு மட்டும் தனிச் சமையல். அதையும் அவளேதான் சமைக்க வேண்டும். ‘உனக்காக எல்லாரும் மாற முடியுமா?’ என்று ஒரு கேள்வி வேறு. நான் கேட்கிறேன், ஏன் மாறக் கூடாது? 2023-ல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய். இன்னும் 13 கோடிக்கு மேற்பட்டவர்கள் வாசலில் நிற்கிறார்கள். அந்தப் பெண்ணுக்குச் சொன்ன சாப்பாட்டு முறை மாமனாருக்கு நல்லது. மாமியாருக்கு நல்லது. தொப்பையைத் தடவிக்கொண்டு டி.வி. பார்க்கிற அவள் புருஷனுக்கு ரொம்ப ரொம்ப நல்லது. ஒரே பானை, ஒரே குழம்பு, எல்லோருக்கும் அளவுச் சோறு. முடிந்தது கதை.

அடுத்தது இன்சுலின் பயம். ‘ஒருதரம் ஊசி போட்டா ஆயுசுக்கும் போடணும்’ என்று யாரோ கிளப்பிவிட்டது ஊர் ஊராக ஓடுகிறது. கர்ப்ப கால சர்க்கரைக்காகப் போடுகிற இன்சுலினைப் பிரசவம் ஆனதும் பெரும்பாலும் நிறுத்திவிடுகிறார்கள். முன்னே சொன்ன மாதிரி, அது நஞ்சைத் தாண்டிக் குழந்தையிடம் போவதும் இல்லை. வாட்ஸ்அப்பில் வருகிற பாகற்காய்ச் சாற்றை நம்பி ஊசியைத் தள்ளிப் போடுகிறவர்கள், அந்த வைத்தியரின் முகவரி தெரியுமா என்று ஒருமுறை யோசிக்கட்டும். சிக்கல் வந்தால் போய் நிற்க ஓர் இடம் வேண்டாமா?

* * *

இனிமேல்தான் என் நிஜமான கோபம்.

கர்ப்ப கால சர்க்கரையைக் கண்டுபிடிப்பதில் தமிழ்நாடு பின்தங்கிய மாநிலம் இல்லை. சென்னை டாக்டர் வி.சேஷய்யாவின் பிறந்த நாளான மார்ச் 10-ஐத்தான் இந்தியாவில் கர்ப்ப கால சர்க்கரை விழிப்பு உணர்வு நாளாக அனுசரிக்கிறார்கள். வெறும் வயிறோ, சாப்பிட்ட வயிறோ, 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம் எடுத்தால் போதும் என்ற எளிய முறைக்காக வாதாடியவர் அவர். இது சிலரைத் தவறவிட்டுவிடும், வெறும் வயிற்றில் ஒன்று, பிறகு இரண்டு என்று மூன்று முறை எடுப்பதுதான் சரி என்று வாதிடும் நிபுணர்கள் உண்டு. இருக்கட்டும். அதிகாலையில் வெறும் வயிறோடு இரண்டு பஸ் மாறி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வர முடியாத கர்ப்பிணிகள் இருக்கிற நாடு இது. அவர்களையும் மனதில் வைத்து யோசித்த முறை. மத்திய அரசின் வழிகாட்டுதலிலும் அதுதான் இடம்பெற்றது.

ஆக, கண்டுபிடிக்கிறோம். வைத்தியம் பார்க்கிறோம். பிரசவம் ஆகிறது. அப்புறம்? அப்புறம் அந்தப் பெண் கணக்கிலிருந்தே காணாமல் போகிறாள்.

கர்ப்பத்தில் சர்க்கரை வந்த பெண்ணுக்குப் பின்னாளில் நிரந்தர சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு, வராத பெண்ணைவிடச் சுமார் பத்து மடங்கு. உலகம் முழுக்க நடந்த பல ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்து 2020-ல் வெளியான கணக்கு இது. பிரசவத்தோடு போகிறது என்பது பாதி உண்மை. நஞ்சு வெளியே வந்ததும் எண் இறங்கிவிடும். ஆனால், இந்தக் கணையத்தில் கையிருப்பு கம்மி என்று உடம்பு எழுதிக் கொடுத்த நோட்டீஸ் எங்கேயும் போவதில்லை. முப்பது வயதுப் பெண்ணுக்கு, பத்து இருபது வருஷம் முன்கூட்டியே, இலவசமாகக் கிடைத்த எச்சரிக்கை அது. எங்கள் வரவு செலவு பாஷையில் சொன்னால், நிலுவை அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோகப்பட்டது. நாமோ நோட்டையே மூடிவிட்டோம்.

இதில் பெரிய வேடிக்கை ஒன்று இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கான குளுக்கோஸ் பரிசோதனைக்கு 1964-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் ஓ’சல்லிவன், மாஹன் என்ற இருவர் அளவுகோல் வகுத்தார்கள். எதற்காகத் தெரியுமா? எந்த அம்மாவுக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வரும் என்று முன்கூட்டியே கணிப்பதற்காக! அம்மாவுக்காக வந்த டெஸ்ட்டைக் குழந்தைக்காக எடுத்து, குழந்தை வந்ததும் அம்மாவை மறந்துவிட்ட சாமர்த்தியம் நம்முடையது.

அந்த எச்சரிக்கையை மதித்தால் பலன் இல்லாமல் இல்லை. 2006-ல் சென்னையில் டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரையின் விளிம்பில் நின்றவர்கள் சாப்பாட்டையும் நடையையும் சரி செய்ததாலேயே நோய் வரும் வாய்ப்பு 28 சதவிகிதத்துக்கு மேல் குறைந்தது. அமெரிக்காவில் இதே மாதிரி நடந்த ஆய்வில், கர்ப்ப கால சர்க்கரை வந்து விளிம்பில் நின்ற பெண்களைத் தனியாகப் பார்த்தபோது, கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. தாய்ப்பால் கொடுப்பதும் அம்மாவுக்கு அனுகூலம் என்கிறார்கள். என் மனைவிக்கு அந்த எட்டு வருஷம் கிடைத்திருந்தால் வந்தே இருக்காது என்று சொல்ல மாட்டேன். தள்ளிப் போயிருக்கலாம். வந்த அன்றைக்கே பிடித்திருக்கலாம். இன்றைக்கு அவள் கண் டாக்டரிடம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போகாமல் இருந்திருக்கலாம்.

* * *

‘பிரசவம் ஆன பெண்களைத் தேடிப் பிடிப்பது நடைமுறைக்குச் சாத்தியமா சார்?’ என்று கேட்பார்கள். கேளுங்கள்.

பிரசவம் ஆன ஆறாவது வாரம் அம்மாவுக்கு மறுபடி குளுக்கோஸ் டெஸ்ட் எடுக்க வேண்டும் என்பது அரசின் விதி. குழந்தைக்கு ஆறாவது வாரம் என்ன? தடுப்பூசி! அந்த ஊசியைத் தவறவிட்டால் கிராம செவிலியர் போன் செய்கிறார், வீட்டுக்கே வருகிறார். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அந்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பது யார்? அவளேதானே! அதே நாள், அதே இடம். குழந்தைக்கு ஊசி, அம்மாவுக்கு ஒரு டம்ளர் குளுக்கோஸ் தண்ணீர். இரண்டு மணி நேரம் உட்கார ஒரு ஃபேன், பால் கொடுக்க ஒரு மறைவு. இதற்கு ராக்கெட் விஞ்ஞானி வேண்டுமா?

தமிழ்நாட்டில் ஒவ்வொரு கர்ப்பிணியையும் பதிவு செய்து எண் கொடுக்கிறார்கள். பிறப்புச் சான்றிதழுக்கே அந்த எண்ணைக் கேட்கிறார்கள். 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரை நோயாளிகளின் வீட்டுக்கே மாத்திரையைக் கொண்டுபோனது. நோய் வந்த பிறகு வீடு தேடிப் போகத் தெரிந்த நமக்கு, வருவதற்கு முன்னால் ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பத் தெரியாதா? எனக்கு என் இன்ஷூரன்ஸ் பிரீமியத்துக்கு வருஷா வருஷம் நினைவூட்டல் வருகிறது. நாய்க்குட்டி வளர்க்கும் நண்பருக்கு அதன் தடுப்பூசிக்கு மெசேஜ் வருகிறது. பிள்ளை பெற்றவளுக்கு மட்டும் எதுவும் வருவதில்லை.

தனியார் ஆஸ்பத்திரிகளுக்கும் ஒரு வார்த்தை. பிரசவ பேக்கேஜில் ஃபோட்டோ ஷூட் வரை சேர்க்கிறீர்கள். ஆறாவது வார டெஸ்ட்டையும் சேர்த்துவிடுங்கள். முன்பணம் கட்டிவிட்டால் எங்கள் ஆள் கட்டாயம் வந்துவிடுவான். இது ஒரு பி.காம்.காரனின் உத்தரவாதம்.

புருஷன்மார்களே, உங்களுக்கு இலவசம் எதுவும் கிடையாது. டிஸ்சார்ஜ் சம்மரியைப் படியுங்கள். புரியாவிட்டால் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். ஆறாவது வாரம் ஒருமுறை. அதில் சரியாக இருந்தாலும் நின்றுவிடாதீர்கள். வருஷத்துக்கு ஒருமுறை டாக்டரைக் கேட்டு எடுத்துவிடுங்கள். அடுத்த குழந்தைக்குத் திட்டமிடும்போது அதற்கு முன்னாலேயே ஒருமுறை. பிள்ளையின் பிறந்த நாள் வருகிறதல்லவா? கேக் வெட்டுவதற்கு முந்தின வாரம், பிள்ளையைப் பெற்றவளுக்கு டெஸ்ட். மறக்கவே மறக்காது.

அக்கா மகள் இப்போது இரண்டு இட்லி, ஒரு கிண்ணம் சுண்டல் என்று இருக்கிறாள். சாப்பிட்டதும் மாப்பிள்ளை கூடவே நடக்கிறார். முதல் வாரம் முறைத்துக்கொண்டே நடந்தார், இப்போது அவருக்கே பேன்ட் லூஸாகிவிட்டதாம். சர்க்கரை 120-க்குக் கீழே நிற்கிறது. பிரசவத் தேதி தெரிந்ததும் நான் காலண்டரில் வேறொரு தேதியை எண்ணி, சிவப்பு மையில் வட்டம் போட்டேன். அதிலிருந்து ஆறாவது வாரம். அன்றைக்கு அவளை லேபுக்கு அழைத்துப் போகிறவள் என் மனைவி. அவளே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை.

‘எனக்கு யாரும் வரலை. இவளுக்காவது நான் போறேன்’ என்றாள். நான் பதில் பேசவில்லை.